கம்பளிப் பெட்டிக்கு மாற்றியது

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் உன் ஊருக்கு வந்திருந்தபோது, அன்று காலை உன் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், அடுப்புப் பக்கம். நீ, வாசற்படியில் ஒரு கால் ஷூவிலும் ஒரு கால் தரையிலுமாக, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு. உன் மகள் எறும்பு, மேஜையில், பால் கிண்ணத்துக்கு முன்னால். நான்காவது ஆள் குழாய் ரிப்பேருக்கு வந்தவர். சிங்க்குக்கு அடியில் தலையை விட்டிருந்தார், அவருக்கு நம் பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. உன் மனைவி இரவு டியூட்டி முடிந்து வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளைச் சேர்க்கவில்லை. செப்டம்பர் மூன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால்.

"நீ அதைச் சொன்னப்ப யார் யாரு இருந்தாங்க?" என்று நேற்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் "வேணாம், எழுதிப் போடு" என்று வைத்துவிட்டாய். அதனால் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். அந்தத் தேதியில் இப்படி இருக்கிறது: "சாமி அலமாரி இழுப்பறையில் இருந்த துப்பாக்கி, மாடியில் கம்பளிப் பெட்டிக்கு மாற்றம். தம்பியிடம் சொல்லியாயிற்று."

நான் சொன்ன வார்த்தைகளும் ஞாபகம் இருக்கின்றன. "டேய், சாமி எடத்துல அந்தச் சனியன் வேணாம். எடுத்து மாடில கம்பளிப் பெட்டிக்குள்ள வச்சிட்டேன். சாயங்காலம் வந்து வேற எங்கயாவது பூட்டி வை." நீ, "சரிக்கா, சரிக்கா" என்றாய். என்னிடம் சொன்னாயா, போனில் இருந்தவரிடம் சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

விளக்கேற்ற நீதான் அலமாரிச் சாவியைக் கொடுத்தாய். தீப்பெட்டி தேடி இழுப்பறையைத் திறந்தேன். மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. ஏதோ சாமி விக்கிரகம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன், தம்பி. கனம் வேறு மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் கண்ணை மூடி நிற்க அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. பெட்டிக்குப் பூட்டு கிடையாது என்பது தெரியும். உள்ளே தோட்டா இருந்தது தெரியாது.

ஜனவரி இருபத்தேழாம் தேதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஏழு வயசுப் பிள்ளை, முன்பல் விழுந்த இடத்தை எனக்குக் காட்டிச் சிரித்த பிள்ளை, உன் மகள் கையால் போய்விட்டாள் என்பதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

எறும்பு பேசினாளா? சாப்பிடுகிறாளா? பக்கத்து வீட்டு விலாசத்தை முழுதாக எழுது. அந்தத் தாய்க்கு ஒரு வரியாவது போட வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

உன் கடிதம் வந்தது. ஆடிட்டர் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. உன்னை ஆடிட்டர் என்று சும்மாவா கூப்பிட்டேன்.

எறும்பு பேசவில்லை. இன்றைக்கு இருபத்தெட்டாவது நாள். பால் குடிக்கிறாள், வேறு எதுவும் இறங்கவில்லை. வாரம் இரண்டு நாள் குழந்தைகளுக்கான மனநல அம்மா ஒருவரிடம் கூட்டிப்போகிறோம். பக்கத்து வீட்டுக்கு நீ எழுத வேண்டாம். ஜன்னல் திரையை அவர்கள் இன்னும் விலக்கவில்லை.

நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். எனக்கு நீ சொன்னது காதில் விழவில்லை. நான் சரக்கு லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். குழாய்க்காரனுக்கு நம் பேச்சு தெரியாது. எறும்புக்கும் தெரியாது, அவளைக் கணக்கிலேயே சேர்க்காதே. ஆகக் கேட்டிருக்க வேண்டியவன் நான் ஒருவன், நான் கேட்கவில்லை. கேட்காத காதுக்குச் சொன்னால் அது சொன்னதாகுமா?

இங்கே போன வருஷம் புதுச் சட்டம் வந்திருக்கிறது. துப்பாக்கி யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் பூட்டி வைக்க வேண்டும். பிள்ளை கைக்குப் போனால் சொந்தக்காரன் பொறுப்பு. மூன்று வருஷம்வரை உள்ளே போடலாம். நான் பூட்டித்தான் வைத்திருந்தேன். எடுத்துத் திறந்த பெட்டியில் வைத்தது நீ. குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வக்கீல் எழுதிய நகல் ஒன்று இத்துடன் இருக்கிறது. "நானே எடுத்து மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை வீட்டில் தானாகத் தேடியபோது எடுத்திருக்க வேண்டும்." அவ்வளவுதான். உன் கையெழுத்து, நோட்டரி முத்திரை. உன்னை அங்கே வந்து யாரும் பிடிக்கப் போவதில்லை. உன் நோட்டில் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிடு.

நீ மனதுக்குள் என்ன சொல்வாய் என்று தெரியும். ஏண்டா வாங்கினாய் என்பாய். கழுத்தில் கத்தி வைத்தவன் மூச்சை நீ முகர்ந்ததில்லை. கடையில் நான் தனியாக. போலீஸ் வந்தது நாற்பது நிமிஷம் கழித்து. வந்து, "எதாவது தொட்டீங்களா?" என்று கேட்டார்கள். இங்கே திருடனிடம் இருக்கிறது, குடிகாரனிடம் இருக்கிறது. நல்லவன் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா? உங்கள் ஊரில் துப்பாக்கி இல்லை என்றால் கொலையே நடக்கவில்லையா? அரிவாள் இருக்கிறதே!

பக்கத்து வீட்டுக்காரரிடமே மூன்று வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. இரும்புப் பெட்டி, சாவி அவர் கழுத்தில். அந்தப் பிள்ளை "எங்கப்பாகிட்ட மூணு இருக்கு, உங்கப்பாகிட்ட?" என்று இவளிடம் எப்போதும் பீற்றும். அதுதான் வினையாகிவிட்டது.

மார்ச் முடிவதற்குள் பேப்பர் வேண்டும்.

தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் நகலை ஒரு வாரம் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். எடுப்பேன், படிப்பேன், வைப்பேன்.

உன் அத்தான் படித்துவிட்டு, "எழுதிக் குடுத்துடும்மா. தம்பி உள்ள போனா யாருக்கு லாபம்? சாமிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். இருபத்தாறு வருஷம் பாங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்ற மனுஷன். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. தினம் சாயங்காலம் அதை உள்ளே ஒப்படைத்து, தோட்டாவை எண்ணிக் காட்டி, கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்கு விடுவார்கள். "அது ஏன் அப்படி, உங்கள நம்பலியா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "என்னை நம்பறாங்க. அதைத்தான் நம்பல" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எங்கள் ஊர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. இங்கே லைசென்ஸ் கிடைப்பது பெரிய மனுஷனுக்குத்தான், அவன் வீட்டில் நாலு தொங்கும். ஏழைக்குப் போலீஸ் நாற்பது நிமிஷத்தில் வந்தால் அதிர்ஷ்டம். போன மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒருவன் பெண்டாட்டியை வெட்டினான். அரிவாளால்தான். நூலகத்தில் உட்கார்ந்து, எந்தெந்த நாட்டில் என்ன சட்டம் என்று எனக்குப் புரிந்தவரை படித்துப் பார்த்தேன். ஒரு நாட்டில் அரசாங்கமே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டதாம். ஒரு நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்தும் தோட்டாவைத் தனியே வைக்கச் சொல்கிறார்களாம். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் தம்பி, எட்டு வயசுப் பிள்ளையால் அரிவாளை ஓங்க முடியாது. அந்த ஒன்றுக்கு நீ பதில் எழுது.

இன்னொன்று. பாதுகாப்புக்கு என்று வாங்கிய சாமானை ஐந்து மாசம் எங்கே இருக்கிறது என்று நீ திறந்துகூடப் பார்க்கவில்லையே? நான் கிளம்பியபின் அந்த அலமாரிக்கு விளக்கு வைக்கவில்லை என்பது ஒரு பக்கம். திருடன் வந்திருந்தால் எதை எடுத்திருப்பாய்?

கோபத்தில் எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

என் தப்பையும் எழுதுகிறேன். பூட்டிய இடத்திலிருந்து பூட்டாத இடத்துக்கு மாற்றியது நான்தான். சாமிக்கு ஆகாது என்று நினைத்தேனே தவிர, பிள்ளைக்கு ஆகாது என்று நினைக்கவில்லை. தினம் காலையில் எழுந்ததும் அதைத்தான் சொல்லி அழுகிறேன்.

என்னால் முடியாது என்று இந்த இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன், பார். முடியும் என்றும் எழுத வரவில்லை.

எறும்புக்கு நம் பேச்சு தெரியாது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. நீயும் உன் மனைவியும் அவளோடு அந்த ஊர்ப் பேச்சுதான் பேசுவீர்கள். நீயும் நானும் ரகசியம் பேச நம் பேச்சு. அதனால் நீ அப்படி நினைக்கிறாய். ஆனால் நான் உன் வீட்டில் இருந்த மூன்று மாசமும் நீ கடையிலிருந்து வருமுன், அவளும் நானும் தினம் உட்கார்ந்து விளையாடுவோம். வீட்டில் ஒவ்வொரு சாமானிலும் சீட்டு ஒட்டி, நான் பேர் சொன்னால் அவள் ஓடிப்போய்த் தொட வேண்டும். நீ வரும் நேரத்துக்குச் சீட்டுகளைப் பிய்த்துவிடுவோம். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தோம். நான் கிளம்பிய நாள் நீ அழுததில் அதுவும் மறந்துபோயிற்று.

எந்தெந்த வார்த்தை கற்றாள் என்று நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் இருபதில் "மாடி". ஆகஸ்ட் இருபத்திரண்டில் "கம்பளி, பெட்டி".

அவளை ஒன்றும் கேட்காதே, தம்பி. கேட்காமல் கவனித்துப் பார்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. நீ எரிக்க மாட்டாய், ஃபைல் பண்ணுவாய். இருந்தாலும் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் மனநல அம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தோம். பொம்மை வீடு ஒன்று வைத்திருப்பார்கள். எறும்பு அதில் மேலே ஒரு தீப்பெட்டியை வைத்தாள். கீழே சமையலறையில் நான்கு பொம்மை. ஒன்றின் தலையைச் சின்ன சிங்க்குக்கு அடியில் நுழைத்தாள். அப்புறம் அந்தத் தீப்பெட்டியைத் தொட்டு, "கம்பளிப் பெட்டி" என்றாள். உன் குரலிலேயே, அக்கா. நீ இழுத்துச் சொல்வாயே, அப்படியே.

ஐம்பது நாளுக்கு மேல் வாயைத் திறக்காத பிள்ளையின் முதல் பேச்சு அதுதான். அந்த அம்மா என்னைப் பார்த்து, "என்ன சொல்றா?" என்று கேட்டார். என் மனைவியும் பார்த்தாள். அந்த அறையில் அது புரிந்தவன் நான் ஒருவன். "அவ அத்தை சொல்லிக்குடுத்த ஏதோ பாட்டு" என்றேன். எறும்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் மறுபடி பேசவில்லை.

எனக்குக் காதில் விழுந்தது, அக்கா. அன்று காலை நீ சொன்னது விழுந்தது. சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் கடையில் கணக்கு முடிக்க நேரமாகிவிட்டது. மறுநாள் மறந்துவிட்டேன். அப்புறம் அது அலமாரியில்தான் இருக்கிறது என்று என் மனசே நம்பிவிட்டது. முதலில் உனக்கு எழுதியபோது பொய் என்று தெரிந்துதான் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூட்டு வைக்கும் சட்டம் வருகிறது என்றதும் இங்கே கடைக்காரர்கள் எல்லாம் எதிர்த்து மனுப் போட்டோம். அந்த மனு இருந்தது என் கல்லாமேஜையில். வந்தவர்களையெல்லாம் கையெழுத்துப் போடவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் போடவில்லை. "பூட்டறதுல உனக்கு என்னய்யா கஷ்டம்?" என்றார். நான் சிரித்தேன். போலீஸ் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தபோது அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து அந்தச் சாவியை எடுத்து எனக்குக் காட்டினார், மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அவர் இன்றும் அந்த மூன்றையும் விற்கவில்லை.

என்னிடம் துப்பாக்கி இருந்தது தப்பு என்று இப்போதும் எனக்குச் சொல்ல வரவில்லை. கத்தி வைத்தவன் முகம் போகமாட்டேன் என்கிறது. ஆனால் யாராவது கேட்டால் வாதாட வாயும் வரவில்லை.

மே ஆறாம் தேதி விசாரணை. பேப்பர் ஏப்ரல் முடிவுக்குள் வந்தால் போதும் என்கிறார் வக்கீல். நான் உள்ளே போனால் கடை போகும். என் மனைவி என்னோடு பேசுவதில்லை. சமைத்து மூடி வைக்கிறாள், அவ்வளவு. பிள்ளையை இந்த நிலையில் விட்டுவிட்டு நான் மூன்று வருஷம் எப்படிப் போவேன்? நகலில் "தானாகத் தேடியபோது" என்று இருப்பது உனக்கு உறுத்தும். எட்டு வயசுக் குழந்தையைச் சட்டம் ஒன்றும் செய்யாது. அது வெறும் காகிதம். அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். அம்மா போனபிறகு உன்னிடம் தவிர யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. ஆனால் உன் அத்தானுக்குக்கூடக் காட்டவில்லை.

நோட்டரி ஆபீஸுக்கு நேற்றுப் போனேன். இரண்டு காகிதம் கைப்பையில் இருந்தன. ஒன்று உன் நகல். இன்னொன்று நானே எழுதியது. நோட்டரி வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு, "எதுலம்மா கையெழுத்து?" என்று கேட்டார். "ஒரு நிமிஷம் குடுங்க" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த ஒரு நிமிஷம் மதியச் சாப்பாட்டு நேரம்வரை போயிற்று. அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "இன்னுமா?" என்றார்.

சாமியிடம் கேட்டேன். பொய் சொன்னால் எனக்கு நரகம் என்பதற்காக நான் பயப்படவில்லை, தம்பி. உனக்காக அங்கே போகவும் நான் தயார். அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயசு, அதற்கும் முன்னாலிருந்தே உன்னை இடுப்பில் தூக்கித் தழும்பேறியவள் நான். உன்னை மட்டும் காப்பாற்றும் பொய்யாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன்.

நகலை எழுத்துக் கூட்டி மறுபடி படித்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை. அப்படியானால் மாடியில் இருந்த பெட்டி அவளுக்கு எப்படித் தெரிந்தது? தானாகத் தேடினாள். துருவினாள். எடுத்தாள். உனக்கு அது காகிதம். அவள் இருபது வயசில் ஒருநாள் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பாள். அதில் அவள் அத்தையின் கையெழுத்து இருக்கும், அதைக் கேட்டு வாங்கியவன் அவள் அப்பா. தான் தேடவில்லை, தனக்குச் சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பொம்மையை வைத்து உனக்குக் காட்டினாளே, அதைத்தானே சொன்னாள்? ஐம்பது நாள் அடக்கி வைத்து ஒரு வார்த்தை சொன்னாள். நீ அதைப் பாட்டு என்று சொல்லிவிட்டாய்.

என் காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதில் எழுதியிருப்பது இது. பூட்டிய அலமாரியிலிருந்து நான் எடுத்தேன், யார் அனுமதியும் இல்லாமல். பூட்டு இல்லாத பெட்டியில் வைத்தேன். தம்பியிடம் சொன்னேன், அவன் சரி என்றான். குழந்தை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். அந்த வார்த்தைகளை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளும் நானே. அவள் தேடவில்லை, பெரியவர்கள் இருவரும் அவள் எதிரிலேயே இடத்தைப் பேசினோம். முதல் குற்றம் என்னுடையது என்று என் பேரை முதலில் போட்டிருக்கிறேன். கூப்பிட்டால் நேரில் வந்து நிற்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுள் இருக்கிறது. நீ எனக்கு எழுதியதை நான் அதில் சேர்க்கவில்லை. உனக்குக் காதில் விழுந்ததை நீயேதான் உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்வாயா மாட்டாயா என்பது உன் பாடு.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். "அவன் இனிமே நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான், தெரியும்ல?" என்றார். "தெரியும்" என்றேன். அவர் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

நீ என்னைத் திட்டுவாய். திட்டு. தம்பியை உள்ளே தள்ளியவள் என்று ஊர் பேசும். பேசட்டும். நீ உள்ளே போனால் உன் மனைவி வேலைக்குப் போகும்போது பிள்ளைக்குத் துணையாக வந்து இருக்கிறேன். அவள் சம்மதித்தால். உன் கடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்.

காகிதம் இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது. ஏப்ரல் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவேன். உன்னைப் பயமுறுத்த நாள் தள்ளவில்லை. வக்கீலுக்கோ கோர்ட்டுக்கோ தெரிவதற்கு முன்னால் அது எறும்புக்குத் தெரிய வேண்டும். அவளை மடியில் உட்காரவைத்து, நம் பேச்சிலேயே சொல்: "நீ தேடலம்மா. நாங்கதான் சொன்னோம். அத்தை சொன்னா, அப்பா கேட்டேன். எடுத்துப் பூட்டியிருக்க வேண்டியது நான்." அவளுக்குப் புரியும். புரிகிற அளவுக்கு வார்த்தை அவளிடம் இருக்கிறது. அவள் அழுதால் அழவிடு.

அவளிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் எனக்கு எழுது. பெரிய கடிதம் வேண்டாம், ஒரு வரி போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

அக்கா